வீட்டைக் காலி செய்வதற்கு முன்

1947 மார்ச் 21 காலை நியூயார்க் காவல் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஹார்லெமில், ஐந்தாம் அவென்யூவும் 128ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் 2078ஆம் எண் வீட்டில் ஒரு பிணம் கிடப்பதாகச் சொன்னார் அழைத்தவர். காவலர்கள் போய்க் கதவைத் தட்டினார்கள், பதில் இல்லை. உடைத்துத் திறந்தால், நுழைய இடமில்லை. பழைய செய்தித்தாள் கட்டுகள், மடக்குக் கட்டில்கள், நாற்காலிகள், பெட்டிகள், பாதி கழன்ற தையல் இயந்திரம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிச் சுவர்போல நின்றன. ஒவ்வொன்றாக உருவித் தெருவில் எறிந்து பார்த்தும் வழி பிறக்கவில்லை.

கடைசியில் வில்லியம் பார்க்கர் என்ற காவலர் ஏணி வைத்து இரண்டாம் தளத்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். குவியல்களுக்கு நடுவே நெடுநேரம் ஊர்ந்து சென்றவர், கந்தலான அங்கியுடன், தலை முழங்காலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்த ஒரு முதியவரின் உடலைக் கண்டார். அவர் ஹோமர் கோலியர். வயது 65. பார்வை இல்லாதவர், வாதநோயால் நடக்க முடியாதவர். பட்டினியும் இதயக் கோளாறும் அவரைக் கொன்றிருந்தன. இறந்து அரை நாள்கூட ஆகவில்லை என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்.

ஹோமருக்குச் சோறும் கண்ணும் காலுமாக இருந்தவர் தம்பி லாங்லி. அவரைக் காணவில்லை.

இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இல்லை. தந்தை ஹெர்மன் கோலியர் மகப்பேறு மருத்துவர். தாய் சூசி ஓபரா பாடகியாக இருந்தவர். ஹோமர் கடல்வணிகச் சட்டம் படித்த வழக்கறிஞர். லாங்லி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர், பியானோவில் தேர்ந்தவர். 1909இல் குடும்பம் ஹார்லெமில் இந்த நான்கு மாடிக் கல்வீட்டில் குடியேறியபோது அக்கம்பக்கத்தில் வசதி படைத்த வெள்ளையர்கள் வாழ்ந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஹார்லெம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைநகரமாக மாறியது. பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுவிட்டுப் போயின. தந்தை 1923இல் காலமானார், தாய் 1929இல். சகோதரர்கள் அசையவில்லை.

வீட்டின் தொலைபேசி இணைப்பு 1917இலும் எரிவாயு 1928இலும் துண்டிக்கப்பட்டன. பிறகு தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் போயின. லாங்லி இரவில் வெளியே போய், அருகிலிருந்த மவுண்ட் மோரிஸ் பூங்காவின் குழாயில் தண்ணீர் பிடித்துவருவார். வழியில் கண்ட பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவார். சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில். 1933இல் ஹோமருக்குப் பார்வை போனது. ஒரு மருத்துவரையும் அழைக்காமல் லாங்லி தாமே வைத்தியம் பார்த்தார்: வாரத்துக்கு நூறு ஆரஞ்சு, கறுப்பு ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய். அண்ணனுக்குப் பார்வை திரும்பும் நாளில் விட்டுப்போன செய்திகளையெல்லாம் அவர் படிக்க வேண்டும் என்பதற்காக, அன்றாடம் வரும் செய்தித்தாள்களைக் கழிக்காமல் அடுக்கி வைத்தார்.

இந்த ஒரு காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எலி கடித்த பழைய பேப்பர். லாங்லிக்கோ அண்ணன் குணமாவான் என்ற நம்பிக்கையின் இருப்பு. ஒரு கட்டை எடுத்து வெளியே போடுவதென்றால், அந்த நம்பிக்கையில் ஒரு பகுதியை வெளியே போடுவதாகும். இப்படிப்பட்ட வீட்டுக்குள் துடைப்பமும் சாக்குப்பையுமாக நுழைந்த யாருக்கும் அந்தக் காலத்தில் இது தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் தங்கமும் பணமும் புதைந்திருப்பதாக ஊரில் வதந்தி பரவியது. பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. திருட வந்தவர்களும், ஜன்னலில் கல்லெறிந்த சிறுவர்களும் லாங்லியின் அச்சத்தைக் கூட்டினார்கள். அவர் ஜன்னல்களைப் பலகையால் அடைத்தார். குவியல்களுக்குள் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்குச் சுரங்கப் பாதைகள் அமைத்தார். அந்நியர் கால் இடறினால் மேலிருந்து பாரம் சரியும்படி அங்கங்கே பொறிகள் வைத்தார்.

அந்த வீட்டைக் காலி செய்யும் முதல் முயற்சி 1947இல் நடந்ததல்ல. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒன்று நடந்தது. வீட்டின் மேல் வாங்கிய கடனுக்கு மூன்று ஆண்டுகளாகத் தவணை வரவில்லை என்று 1942இல் பவரி சேமிப்பு வங்கி வெளியேற்றும் நடவடிக்கையில் இறங்கியது. சுத்தம் செய்ய ஆட்களை அனுப்பியது. லாங்லி உள்ளிருந்து கத்தினார். ஆட்கள் காவல் துறையை அழைத்தார்கள். காவலர்கள் கதவை உடைத்தபோதும் இதே பொருள்சுவர்தான் எதிரே நின்றது. அதைக் குடைந்து போனவர்கள், நடுவில் சிறிய வெட்டவெளியில் லாங்லியைக் கண்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் 6,700 டாலருக்குக் காசோலை எழுதி நீட்டினார். மொத்தக் கடனும் அத்தோடு தீர்ந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், போனார்கள்.

வங்கிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் பார்வையற்ற, படுக்கையில் கிடந்த ஒரு மனிதர் தண்ணீரும் விளக்கும் இல்லாத அந்த வீட்டில் இருப்பதை அறிந்துகொள்ள நகரத்துக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. கடன், உடைமை, வெளியேற்றம் என்ற மூன்று கேள்விகளோடு போனவர்கள், அந்த மூன்றுக்கும் விடை கிடைத்ததும் திரும்பிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு எவரும் போகவில்லை.

1947க்குத் திரும்புவோம். ஹோமரின் உடல் கிடைத்த பிறகு லாங்லியைத் தேடும் வேட்டை தொடங்கியது. அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் பேருந்தில் அவரைப் பார்த்ததாக ஒரு வதந்தி. பல மாநிலங்களில் தேடினார்கள். இங்கே வீட்டை வெறிக்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் தெருவில் நின்றார்கள். உள்ளேயோ, பொருள்களை அள்ளி வெளியேற்றும் வேலை நாள் கணக்கில் நீண்டது. ஏப்ரல் 8ஆம் தேதி, பதினெட்டு நாள்களுக்குப் பின், ஆர்ட்டி மேத்யூஸ் என்ற தொழிலாளி லாங்லியின் உடலைக் கண்டார். ஹோமர் இறந்து கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரம்தான். இரண்டடி அகலச் சுரங்கப் பாதையில், அண்ணனுக்கு உணவு கொண்டு ஊர்ந்து போனபோது தாம் வைத்த பொறியிலேயே சிக்கி, பெட்டியும் செய்தித்தாள் கட்டுகளும் மேலே சரிந்து நசுங்கியிருந்தார். அவர் இறந்தது மார்ச் 9 வாக்கில் என்று கணித்தார்கள். தம்பி வருவான் என்று காத்திருந்த ஹோமர் அதற்குப் பிறகும் பல நாள் உயிரோடு இருந்திருக்கிறார்.

வீட்டிலிருந்து வெளியேறியவை 120 டன்னுக்கு மேல். பதினான்கு பியானோக்கள், சுமார் 25,000 புத்தகங்கள், ஒரு மாடல் டி ஃபோர்டு காரின் அடிச்சட்டம், எக்ஸ்ரே இயந்திரம், குழந்தைத் தள்ளுவண்டிகள், வயலின்கள், தந்தையின் மருத்துவக் கருவிகள், அவர் பாடம் செய்து வைத்திருந்த மனித உறுப்புகள். வதந்தியில் வந்த புதையல் எங்கும் இல்லை. 34 வங்கிக் கணக்குப் புத்தகங்கள் கிடைத்தன, அவற்றில் மொத்தம் 3,007 டாலர் 18 சென்ட். பெரும்பகுதி குப்பையாகவே கழிந்தது. தேறியவற்றை ஏலம் விட்டபோது இரண்டாயிரம் டாலருக்கும் குறைவாகவே வந்தது. இடிந்து விழும் நிலையிலிருந்த வீட்டை அதே ஆண்டு ஜூலையில் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த மூலையில் சகோதரர்களின் பெயரால் ஒரு சிறு பூங்கா இருக்கிறது.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பேச்சிலும் அந்தப் பெயர் தங்கிவிட்டது. தரையிலிருந்து கூரைவரை சாமான் அடைந்த வீட்டில் தீப்பிடித்தால் ‘கோலியர் மேன்ஷன்’ என்று எச்சரித்துக்கொள்வார்கள். கேட்ட மாத்திரத்தில் வீரருக்கு மூன்று சங்கதி புரிந்துவிடும்: வெளியேறும் வழி அடைபட்டிருக்கும், எரிவதற்கு நிறைய இருக்கும், தளம் பாரத்தில் இறங்கலாம். பாரக் கணக்கு எளியது. அமெரிக்கக் கட்டட விதிகள் வீட்டு அறையின் தளம் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கினால் போதும் என்கின்றன. ஆள் உயரத்துக்குச் செய்தித்தாளை நெருக்கி அடுக்கினால் பாரம் அதைப் போல நான்கைந்து மடங்கு ஏறிவிடும். தீயை அணைக்க அடிக்கும் தண்ணீரைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டால் இன்னும் கூடும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் தீயணைப்புத் துறை 1999 முதல் 2009 வரை நடந்த வீட்டுத் தீ விபத்துகளை ஆராய்ந்தபோது அதிர்ச்சியான கணக்கு ஒன்று வெளிவந்தது. சாமான் குவிந்த வீடுகளில் நேர்ந்தவை மொத்த வீட்டுத் தீ விபத்துகளில் 0.25 சதவீதம் மட்டுமே. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில் நிகழ்ந்தவை.

மருத்துவர்கள் மெதுவாகவே வந்து சேர்ந்தார்கள். 1966இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மேக்மில்லன், ஷா என்ற இரு மருத்துவர்கள் தம்மையும் வீட்டையும் அடியோடு கவனிக்காமல் விட்ட முதியவர்களைப் பற்றி எழுதினார்கள். 1975இல் ‘லான்செட்’ இதழில் கிளார்க் என்ற மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும் அதே போன்ற முப்பது நோயாளிகளை விவரித்து, அந்த நிலைக்கு டயோஜெனீஸின் பெயரைச் சூட்டினார்கள். ஒன்றும் வேண்டாமென்று வாழ்ந்த கிரேக்க ஞானியின் பெயர் எதையும் விட முடியாதவர்களுக்குப் பொருந்துமா என்ற வாதம் அப்போதே எழுந்திருக்க வேண்டியது. இரு ஆய்வுகளுமே நிலை முற்றிய முதியவர்களைத்தான் பார்த்தன. அந்த நிலைக்கு வருமுன் முப்பது நாற்பது ஆண்டுகள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அவற்றிலிருந்து அறிய வழியில்லை.

அதே காலத்தில் நியூயார்க்குக்குக் கிழக்கே, ஈஸ்ட் ஹாம்ப்டனில் இன்னொரு வீடு செய்தியானது. ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் அத்தை ஈடித் பூவியே பீல், மகளோடு வாழ்ந்த ‘கிரே கார்டன்ஸ்’ மாளிகை. 1971இல் மாவட்டச் சுகாதார அதிகாரிகள் சோதனையிட்டு, வெளியேற்றிவிடுவோம் என்று எச்சரித்தார்கள். உறவினர்கள் பணம் கொடுத்துக் குப்பையை அகற்றி, வீட்டைப் பழுதுபார்த்தார்கள். வெளியேற்றும் அபாயம் நீங்கியது. 1975இல் மேசில்ஸ் சகோதரர்கள் அங்கே எடுத்த ஆவணப்படம் உலகறிந்தது. பழுதுபார்த்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத அந்த வீடு படத்தில் மறுபடி பூனைகளும் ரக்கூன்களும் குப்பையுமாக இருப்பதைப் பார்க்கலாம். வீட்டுக்குச் செலவழித்த கைகள் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் அதன்பின் வாரம் ஒருமுறை துணையாக வந்து உட்கார ஓர் ஆளைத் தேடியிருந்தால் படம் வேறாக இருந்திருக்கலாம்.

அறிவியல் இந்த வீடுகளின் வாசலை முறையாகத் தட்டியது 1990களில். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்மித் கல்லூரியின் உளவியல் பேராசிரியர் ராண்டி ஃப்ராஸ்டிடம், இப்படிச் சேர்த்துக் குவிப்பவர்களைப் பற்றி ஏன் ஆய்வே இல்லை என்று மாணவி ரேச்சல் கிராஸ் கேட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தொடர்புகொண்டார்கள். அரிதான விநோதம் என்று நினைத்தது ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

1993இல் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒரு பழைய நம்பிக்கையையும் அசைத்தது. சிறுவயதில் வறுமையில் வாடியவர்கள்தான் பின்னாளில் எதையும் கழிக்க மாட்டார்கள் என்று உலகம் நினைக்கிறது. ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குவிப்பவர்களின் குடும்பத்திலேயே அந்த வழக்கம் உள்ள வேறு நெருங்கிய உறவினர்கள் இருப்பதுதான் அதிகம் தென்பட்டது. மருத்துவர் மகன்களான கோலியர் சகோதரர்களின் கதையும் வறுமை காரணமில்லை என்பதோடு ஒத்துப்போகிறது.

ஃப்ராஸ்டும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கெயில் ஸ்டெகெட்டியும், பின்னர் டேவிட் டோலினும் சேர்ந்து இதற்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். 2012இல் டோலின் குழு செய்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று பலருடைய கண்ணைத் திறந்தது. அஞ்சலில் வந்த தேவையற்ற காகிதங்களைக் காட்டி, வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று கேட்டார்கள். காகிதம் பிறருடையதாக இருந்தபோது, குவிப்பவர்களின் மூளையில் முடிவெடுப்பதோடு தொடர்புடைய பகுதிகள் மந்தமாகவே இயங்கின. தம்முடையதாக இருந்தபோது அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொந்தளித்தன. சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று அக்கம்பக்கம் வைத்த பெயர்கள் எவ்வளவு அநியாயமானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. ஹோமரும் லாங்லியும் இறந்து அப்போது 66 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோயென்று தெரிந்ததும் வீட்டைக் காலி செய்யப் போகிறவர்களின் ஆயத்தம் தலைகீழாக மாறியது. முன்பு ஆயத்தம் என்றால் லாரியும் ஆட்களும் கடப்பாரையும். இப்போது முதல் சில வாரங்கள் எதையும் எடுப்பதே இல்லை. வீட்டுக்காரரின் நம்பிக்கைக்குரிய ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசுகிறார். வீடு எப்படி மாறினால் அவருக்கு உதவும் என்று அவர் வாயாலேயே வருகிறதா என்று பார்க்கிறார்: படுக்கையில் படுக்க வேண்டும், அடுப்பு பற்றவைக்க வேண்டும், பேரப்பிள்ளை வந்து தங்க வேண்டும். நிலைமையை அளக்க 2008இல் ஃப்ராஸ்ட் குழு வெளியிட்ட படவரிசை உதவுகிறது. கூடம், படுக்கையறை, சமையலறை ஒவ்வொன்றுக்கும் குறைந்த அடைசலிலிருந்து முற்றிய அடைசல்வரை ஒன்பது படங்கள். வீட்டுக்காரர் தம் அறைக்கு ஒத்த படத்தைச் சுட்டுகிறார்; உதவ வந்தவரும் சுட்டுகிறார். வாக்குவாதம் இல்லாமல் பேச்சு தொடங்க அதுவே போதும்.

அடுத்தது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற எழுத்துபூர்வமான உடன்பாடு. பத்திரங்கள், பாஸ்புக்குகள், புகைப்படங்கள், நகை ஆகியவை கிடைத்தால் போட ஒரு தனிப்பெட்டி. புத்தகத்தையும் உறையையும் உதறிப் பார்க்காமல் கழிப்பதில்லை. கோலியர் வீட்டின் 34 கணக்குப் புத்தகங்களை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரியும். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் எதையும் அகற்றுவதில்லை என்பதில் அனுபவசாலிகள் உறுதியாக இருக்கிறார்கள். அவர் வெளியூர் போன சமயம் பார்த்துப் பிள்ளைகள் வீட்டைத் துடைத்து வைத்தால், திரும்பி வந்தவர் அவர்களை மறுபடி உள்ளே விடுவதில்லை.

மூன்றாவது, உடல் பாதுகாப்பு. தடித்த கையுறை, மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம், ஆணி குத்தாத காலணி, காலத்தோடு போட்ட டெட்டனஸ் ஊசி. எலி எச்சம் இருக்கும் இடத்தில் உலர்ந்தபடியே துடைப்பம் போடக்கூடாது. தூசியோடு ஹாண்டா வைரஸ் பறக்கலாம். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வரவைத்து, கிருமிநாசினிக் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. குவியலை எப்போதும் மேலிருந்தே இறக்க வேண்டும், அடியிலிருந்து உருவக்கூடாது. 1947இல் வாசலில் நின்று நடுச்சுவரிலிருந்து பொருள்களை உருவிய காவலர்கள் தப்பித்தது அதிர்ஷ்டம்.

வேலையின் வரிசையையும் முன்பே முடிவு செய்கிறார்கள். வாசல் வரை தடையில்லாத ஒரு பாதை முதலில். அடுப்பையும் ஹீட்டரையும் சுற்றி எரியக்கூடியவை இல்லாத இடைவெளி அடுத்து. பிறகு படுக்கை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய். அந்த அளவோடு முதல் கட்டம் முடிந்தாலும் அதை வெற்றியென்றே கொள்கிறார்கள். வீடு பளபளப்பது நோக்கமில்லை. உள்ளிருப்பவர் விழாமல், எரியாமல், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படாமல் இருப்பதே நோக்கம். 2009 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் பார்வையாளர்களை ஈர்த்த நிகழ்ச்சிகள், ஓரிரு நாளில் வீடு காலியாவதைக் காட்டின. இந்த நோயை நாடறியச் செய்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் அந்த வேகம் நிஜ வாழ்க்கைக்கு உதவாது. ஒரு பழைய ரசீதைக் கழிக்கலாமா என்று முடிவெடுக்கவே ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும்போது, ஒரு மணி நேரத்தில் ஒரு மேசையின் மூலை காலியானால் அது நல்ல வேலை.

அவசரத்தின் விலையைச் சொல்லும் கணக்கும் உண்டு. மாசசூசெட்ஸில் சிறிய ஊர் ஒன்றின் சுகாதாரத் துறை 16,000 டாலர் செலவழித்து ஒரு வீட்டைக் காலி செய்தது. பதினெட்டு மாதத்தில் அதே வீடு அதே நிலைக்குத் திரும்பியது. இதுபோன்ற பட்டறிவால்தான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தீயணைப்பு, சுகாதாரம், முதியோர் நலம், மனநலம், வீட்டுவசதி ஆகிய துறைகள் சேர்ந்து கூட்டுக் குழுக்கள் அமைத்தன. நோயிலிருந்து மீண்டுவருபவர்களே வழிநடத்தும் வாராந்தரக் கூட்டங்களும் வந்தன. டோலின், ஃப்ராஸ்ட், ஸ்டெகெட்டி மூவரும் 2007இல் எழுதிய சுய உதவி நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் கழித்ததையும் கழிக்க முடியாததையும் பேசுகிறார்கள். அதற்கு ஆகும் செலவு லாரி வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வீட்டைக் காலி செய்ய நிதி ஒதுக்கும் எந்த நகர நிர்வாகமும் அதன் ஒரு பங்கைக் கடைசி லாரி போன பிறகு வரும் இரண்டு ஆண்டுகளுக்கென்று எடுத்து வைக்க வேண்டும்: மாதம் ஒருமுறை கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்கும் ஓர் ஆளின் சம்பளத்துக்காக.